உருகிய உருக்கில் ஆக்சிஜன் புரோப் தப்பாகக் காட்டினால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

லேடில் ஃபர்னஸில் (உருகிய உருக்கை லேடில் என்ற பெரிய வாளியில் வைத்துச் சரிசெய்யும் உலை) கரைந்த ஆக்சிஜனை அளக்கும் புரோப்பை முக்கி எடுக்கிறீர்கள், மீட்டர் திரையில் 9 பிபிஎம் (பத்து லட்சத்தில் 9 பங்கு) என்று வருகிறது. அதே ஹீட்டின் (ஒரு முறை உருக்கிய உருக்கின்) சாம்பிளில் ஸ்பெக்ட்ரோ, அதாவது கலவையைப் பார்க்கும் கருவி, சொல்லும் அலுமினியம் 0.035 சதவீதம். அலுமினியம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், அதனால் 1,600 டிகிரியில் அவ்வளவு அலுமினியம் கரைந்திருக்கும் உருக்கில் கரைந்த ஆக்சிஜன் 3 பிபிஎம் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்க முடியும். ஆக, இரண்டில் ஏதோ ஒன்று தப்பு. இந்த இடத்தில் பெரும்பாலான ஷாப்புகளில் இரண்டு காரியம் நடக்கும். இன்னொரு புரோப்பை முக்கி இரண்டுக்கும் சராசரி போடுவார்கள், இல்லையென்றால் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் அலுமினியம் வயரை ஓட்டுவார்கள். இரண்டுமே காசு நட்டம், இரண்டாவது காரியம் காஸ்டரில் (உருக்கை வார்க்கும் இயந்திரம்) உருக்கு இறங்கும் நாசிலின் அடைப்பையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும்.

திரையில் பெரிய எழுத்தில் தெரிகிற பிபிஎம் ஒரு கணக்குத்தான். புரோப் உண்மையில் அளந்தது மில்லிவோல்ட்டையும் வெப்பநிலையையும். அந்த இரண்டும் நொடிக்கு நொடி எப்படிப் போயின என்பதைக் காட்டும் வளைவு மீட்டருக்குள் இருக்கிறது, ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த வளைவைப் பார்த்துத்தான். பிபிஎம் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிழை தேடினால் நாள் முழுக்கத் தேடலாம்.

தேடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

புரோப்பின் நுனியில் ஒரு முனை மூடிய சின்னக் குழாய் இருக்கிறது, மக்னீசியம் ஆக்சைடு சேர்த்த சிர்க்கோனியாவால் ஆனது. அதற்குள் குரோமியமும் குரோமியம் ஆக்சைடும் கலந்த பொடி, அதில் புதைந்த மாலிப்டினம் கம்பி. சூட்டில் சிர்க்கோனியா ஆக்சிஜன் அயனியை மட்டும் கடத்தும். உள்ளே பொடி ஒரு குறிப்பிட்ட ஆக்சிஜன் அழுத்தத்தை நிலையாக வைத்திருக்கிறது, வெளியே உருக்கின் ஆக்சிஜன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மில்லிவோல்ட்டாக வருகிறது. திட மின்பகுபொருளை (சிர்க்கோனியா மாதிரி அயனியைக் கடத்தும் திடப்பொருளை) வைத்து இப்படி அளக்கலாம் என்பதற்கு 1957-இல் கியுக்கோலாவும் வாக்னரும் வெளியிட்ட ஆய்வு அடித்தளம். சுற்று முழுமையாக வேண்டுமானால் உருக்கையே தொடும் இன்னொரு முனை வேண்டும், அதை பாத் கான்டாக்ட் என்பார்கள். பக்கத்தில் குவார்ட்ஸ் குழாய்க்குள் வெப்பநிலையை அளக்கும் பிளாட்டினம் தெர்மோகப்பிள். இந்த மூன்றில் எது கெட்டாலும் எண் கெடும்.

மூன்று அடையாளக் கற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், குரோமியம் பொடி வைத்த புரோப்புக்கு, 1,600 டிகிரியில். 0 மில்லிவோல்ட் என்றால் சுமார் 33 பிபிஎம். மைனஸ் 200 பக்கம் என்றால் சுமார் 3 பிபிஎம், அலுமினியம் போட்டு அடக்கிய, அதாவது ஆக்சிஜனைக் குறைத்த, உருக்கு. பிளஸ் 220 பக்கம் என்றால் சுமார் 500 பிபிஎம், அடக்காமல் டேப் செய்த (உலையிலிருந்து வெளியே ஊற்றிய) குறைந்த கார்பன் உருக்கு. சில மீட்டர்களில் பிளஸ் மைனஸ் தலைகீழாக இருக்கும், உங்கள் மீட்டரில் எப்படி என்று ஒரு முறை பார்த்து எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் இரண்டு விகிதங்கள்: 1 மில்லிவோல்ட் மாறினால் ஆக்சிஜன் 1.2 சதவீதம் அளவுக்கு மாறும், 10 மில்லிவோல்ட் மாறினால் 13 சதவீதம். மில்லிவோல்ட் அப்படியே இருக்க வெப்பநிலை மட்டும் 10 டிகிரி தப்பினால் ஆக்சிஜன் 7 சதவீதம் அளவுக்குத் தப்பும்.

உருக்கு என்ன எண் தர வேண்டும் என்பதும் கையில் இருக்க வேண்டும். அடக்காத உருக்கில் கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றை ஒன்று பிடித்து வைத்திருக்கும். 1,600 டிகிரியில் இரண்டின் சதவீதங்களையும் பெருக்கினால் 0.002 முதல் 0.0025 வரை வரும் என்பது சமநிலைக் கணக்கு. கார்பன் 0.05 என்றால் 400 முதல் 500 பிபிஎம், உண்மையான உலையில் இதற்கு மேலேயே இருக்கும். சிலிக்கான், மாங்கனீஸ் போட்டு அடக்கியது என்றால் 40 முதல் 80 வரை. அலுமினியம் 0.03 முதல் 0.04 வரை என்றால் 2.5 முதல் 4 வரை. இந்த எல்லைக்குள் வராத எண்ணை ஒரு காரணம் கிடைக்கும் வரை ஹீட் ஷீட்டில் ஏற்ற வேண்டாம்.

நல்ல வளைவு எப்படி இருக்கும்

முதல் ஓரிரு நொடியில் நுனியைக் காக்கும் மெல்லிய உருக்கு மூடி கரையும். உடனே வெப்பநிலை ஜிவ்வென்று ஏறி நான்கைந்து நொடியில் சமதளமாக நிற்கும். மில்லிவோல்ட் முதலில் தாறுமாறாக ஒரு முகடு காட்டும், குழாய் இன்னும் சூடாகவில்லை என்பதால். அது இறங்கி, வெப்பநிலைக்குச் சற்றுப் பின்னால் அதுவும் சமதளத்துக்கு வரும். அங்கே இரண்டு மூன்று நொடி ஓரிரு மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் போதும், புரோப்பை எடுத்துவிடலாம். அப்புறம் குழாய் உடைந்தோ கம்பி எரிந்தோ வளைவு விழும், அதைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டு சமதளமும் ஒரே நேரத்தில் ஒன்றாக நின்றனவா என்பதுதான் கேள்வி. ஷாப்பில் பிடித்த நல்ல வளைவு ஒன்றை அச்செடுத்து மீட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். புதிதாக வரும் ஆட்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

வெப்பநிலை வருகிறது, ஆக்சிஜன் வரவே இல்லை

இது சுலபம். பாத் கான்டாக்ட் உருக்கைத் தொடவில்லை, அல்லது லான்ஸுக்குள் (புரோப்பை மாட்டி முக்கும் நீளக் குழாய்) அந்த ஒரு கம்பி அறுந்திருக்கிறது. முதலில் புரோப்பை லான்ஸில் முழுக்க, அடி தட்டும்வரை ஏற்றினீர்களா என்று பாருங்கள். அட்டைக்குழாய் ஈரத்தில் ஊதிப்போயிருந்தால் கடைசி ஒரு சென்டிமீட்டர் ஏறாது, தெர்மோகப்பிள் முனைகள் தொடும், ஆக்சிஜன் முனை மட்டும் தொடாது. அடுத்து புரோப் இல்லாமல் லான்ஸின் கான்டாக்ட் முனைகளைச் செம்புக் கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். ஆக்சிஜன் பக்கம் 0 மில்லிவோல்ட் பக்கத்தில் வர வேண்டும், வெப்பநிலைப் பக்கம் அறை வெப்பம் மாதிரி ஏதாவது காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் லான்ஸைக் கழற்றிவிட்டுக் கேபிளின் முனையில் அதையே செய்யுங்கள். இப்படி ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை நோக்கிப் போனால் அறுந்த இடம் பத்து நிமிடத்தில் சிக்கும்.

லான்ஸும் கேபிளும் சரி, புரோப் மட்டும் அடிக்கடி இப்படி என்றால், ஆள் முக்கும் விதத்தைப் பாருங்கள். உருக்கின் மேல் மிதக்கும் ஸ்லாக் (கசடு) கெட்டியாக இருக்கும்போது அதைக் குத்தி உடைப்பதற்குப் புரோப்பையே பயன்படுத்தினால் குழாய் அங்கேயே உடைந்துவிடும். ஸ்லாக்கைக் கம்பியால் திறந்துவிட்டு முக்குங்கள்.

வளைவு முள்முள்ளாகக் குதிக்கிறது

இதற்கு மூன்று காரணங்கள்தான் பெரும்பாலும். கரண்ட், ஆர்கான், ஈரம்.

கரண்ட்: ஆர்க் எரிந்துகொண்டிருக்கும்போது முக்கினால் வளைவு ஆடும், பவரை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். கோயம்புத்தூர் பக்கத்து வார்ப்பாலைகளில் அதிகம் இருக்கும், காயிலில் மின்சாரம் ஓட்டி உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் இது இன்னும் முக்கியம். அங்கே எர்த் லீக்கேஜைக் கண்டுபிடிப்பதற்காக உருகிய உலோகத்தையே அடியில் கம்பி வைத்து எர்த்தோடு இணைத்திருப்பார்கள். உங்கள் பாத் கான்டாக்டும் அதே உலோகத்தைத்தான் தொடுகிறது. பவர் ஓடும்போது காயிலிலிருந்து வரும் இரைச்சல் நேராக மீட்டருக்குள் வரும், பார்க்க ஓரளவு நிலையான எண்ணாகக்கூடத் தெரியலாம். அதனால் இண்டக்‌ஷனில் பவரை முழுக்க நிறுத்தி, உலோகம் அடங்கியதும் முக்குங்கள். லான்ஸின் இரும்புக் குழாய் ஃபர்னஸ் மேடையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளின் ஷீல்டை மீட்டர் பக்கம் ஒரே இடத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள், இரண்டு பக்கமும் செய்தால் அதுவே ஒரு வளையமாகி இரைச்சலைக் கூட்டும்.

ஆர்கான்: அடியிலிருந்து ஊதும் குமிழிகள் நேராக மேலே வரும் இடத்தில் முக்கினால் குழாயைக் குமிழியும் உருக்கும் மாறி மாறித் தொடும். ஸ்லாக் விலகித் திறந்திருக்கும் அந்தக் கண்ணில் காற்றும் படுகிறது, அங்கே ஆக்சிஜன் மற்ற இடத்தைவிட அதிகமாகவே இருக்கும். ஆர்கானை மெதுவாக்கிவிட்டு, கண்ணிலிருந்து தள்ளி முக்குங்கள்.

ஈரம்: இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், இதில் உயிர் இருக்கிறது. மழைக்காலத்தில் கொட்டகை ஓரத்தில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த புரோப்பை உருகிய உருக்கில் முக்கினால் அட்டைக்குழாயில் இருக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி உருக்கை வெளியே தெறிக்க வைக்கும். வளைவு ஆடுவது அப்புறம்தான். ஈரமான புரோப்பைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். அட்டை காயலாம், உள்ளே இருக்கும் சிமென்டும் பொடியும் காய்ந்தனவா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒதுக்கி வையுங்கள். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், மூடிய அறையில் வையுங்கள், ஷிஃப்டுக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள்.

சமதளமே வரவில்லை, சாய்ந்துகொண்டே போகிறது

இந்த அறிகுறி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் சாய்வு எந்தப் பக்கம் என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

அடக்கிய உருக்கில் ஆக்சிஜன் அதிகமாக ஆரம்பித்து மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால், நுனியில் ஸ்லாக் ஒட்டியிருக்கிறது. இரும்பு ஆக்சைடு கூடிய ஸ்லாக்கின் ஆக்சிஜன் அழுத்தம் உருக்கைவிட மிக அதிகம். குழாய் உருக்கைப் பார்க்காமல் தன்மேல் ஒட்டிய ஸ்லாக்கைப் பார்க்கிறது, ஸ்லாக் கழுவப்பட்டுப் போகப் போக எண் இறங்குகிறது. வேகமாக, ஒரே அசைவில் ஸ்லாக்கைத் தாண்டி, உருக்குக்குள் 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போக வேண்டும். ஆழத்தை ஸ்லாக்கின் மேல்மட்டத்திலிருந்து கணக்கிட்டு ஏமாறுவது சகஜம், ஸ்லாக்கே 15 சென்டிமீட்டர் இருந்தால் உருக்குக்குள் போனது பாதிதான். நுனியில் உருக்கு மூடி இல்லாத, அல்லது மூடி கழன்ற புரோப்பை ஒதுக்கிவிடுங்கள்.

வெப்பநிலையும் சேர்ந்து மெதுவாக ஏறினால் கதை வேறு. உருக்கு குளிர்ந்திருக்கிறது, நுனியில் உறைந்து ஓடு கட்டிவிட்டது, அது மறுபடி கரையும் வரை இரண்டு வளைவும் நிற்காது. டண்டிஷில் (லேடிலுக்கும் காஸ்டருக்கும் நடுவே உருக்கைத் தாங்கும் தொட்டி) இது அடிக்கடி வரும். இன்னும் மூன்று நான்கு நொடி கூடுதலாக வைத்துப் பாருங்கள், அதற்குள் நிற்கவில்லை என்றால் அந்த அளவு செல்லாது.

மூன்றாவது சாய்வு: எண் சமதளத்துக்கு வந்து, அப்புறம் மெல்ல 33 பிபிஎம்மை நோக்கி, அதாவது 0 மில்லிவோல்ட்டை நோக்கி நகர்கிறது. இதைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு ஷாப்பில் இரண்டு லான்ஸ்கள் இருந்தன. ஒரு ஷிஃப்டில் அடக்கிய உருக்கு எப்போதும் 3, 4 என்று வரும், இன்னொரு ஷிஃப்டில் 7, 8 என்று வரும். ஆட்கள் முக்கும் விதம்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், அந்த ஷிஃப்டில் இருந்தவர்கள் வாரக்கணக்கில் திட்டு வாங்கினார்கள், அலுமினியமும் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் டேப்பிங் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. அதே ஷிஃப்டில் டேப்பிங் ஆக்சிஜன் மற்றவர்களைவிடக் குறைவாக வந்துகொண்டிருந்தது. முக்கும் முறை தப்பு என்றால் இரண்டும் ஒரே பக்கம் தப்ப வேண்டும். குறைந்த எண் கூடுகிறது, கூடிய எண் குறைகிறது, இரண்டும் 33-ஐ நோக்கி இழுபடுகின்றன என்றால் மில்லிவோல்ட் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அந்த ஷிஃப்ட் எடுத்த லான்ஸின் கான்டாக்ட் பிளாக்கைக் கழற்றினால் பிளாஸ்டிக் கருகிக் கரியாகியிருந்தது, இடுக்கில் உலோகத் தூள். கரி மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு முனைகளுக்கு நடுவே சில நூறு ஓம் மட்டுமே இருந்தது. புரோப் தரும் மின்னோட்டம் அந்த வழியாக ஓட, உள்ளே இருக்கும் குரோமியம் பொடி தன் நிலையைப் பிடித்து வைக்க முடியாமல் நகர்ந்திருக்கிறது. பிளாக்கை மாற்றியதும் இரண்டு ஷிஃப்டும் ஒன்றாகிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கேலிபரேட்டர் (தெரிந்த மில்லிவோல்ட்டைக் கொடுத்துச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதித்தபோது அந்த லான்ஸ் சரி என்றே வந்தது. காரணம் எளிது. கேலிபரேட்டர் பலமான மூலம், சில நூறு ஓம் கசிவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை, கேட்ட மில்லிவோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். புரோப்புக்கு அந்தப் பலம் கிடையாது. அதனால் மீட்டரையும் புரோப்பையும் கழற்றிவிட்டு, லான்ஸின் முனைகளுக்கு நடுவே ஓம் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்றும், ஒவ்வொன்றும் லான்ஸின் இரும்புக் குழாயோடும். லான்ஸ் சூடாக இருக்கும்போதும் ஒரு முறை பாருங்கள், ஆறியதும் ஒரு முறை. மெகர் (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் கசிவைச் சோதிக்கும் கருவி) பயன்படுத்தினால் மீட்டரைக் கட்டாயம் கழற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டரின் உள்ளீடு போய்விடும். கான்டாக்ட் பிளாக் சின்னப் பொருள்தான், கருப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

சமதளம் அழகாக இருக்கிறது, எண் மட்டும் நம்பும்படி இல்லை

முதலில் வெப்பநிலையைச் சந்தேகியுங்கள். எஸ் வகை தெர்மோகப்பிள் 1,600 டிகிரியில் 16.777 மில்லிவோல்ட் தரும், ஆர் வகை 18.849, பி வகை 11.263. மீட்டரை ஆர் என்று வைத்துவிட்டு எஸ் வகைப் புரோப்பை முக்கினால் 1,600-க்குப் பதில் 1,450 சொச்சம் காட்டும், அது உடனே கண்ணில் படும். ஆபத்தானது சின்னத் தப்புதான். லான்ஸில் கேபிள் எரிந்துபோய், அவசரத்துக்கு யாரோ தெர்மோகப்பிளுக்கென்றே உள்ள காம்பென்சேட்டிங் கேபிளுக்குப் பதில் சாதாரணச் செம்புக் கேபிளைப் போட்டிருப்பார்கள். லான்ஸ் முனை 70 டிகிரி, மீட்டர் அறை 30 டிகிரி என்றால் எஸ் வகையில் 0.26 மில்லிவோல்ட் தொலைந்துபோகும், உருக்கின் வெப்பநிலை 22 டிகிரி குறைவாகத் தெரியும், ஆக்சிஜன் 15 சதவீதம் குறைவாகத் தெரியும். லான்ஸ் சூடேறச் சூடேறத் தப்பும் வளரும். ஒவ்வொரு ஹீட்டாக வெப்பநிலை இறங்கிக்கொண்டே வருகிறது, லான்ஸை ஆறவிட்டால் சரியாகிறது என்றால் இதுதான். சாதாரண வெப்பநிலைப் புரோப்பை வேறு லான்ஸில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, புது வகைப் பெட்டி திறந்த நாளிலிருந்து எண் மாறியதா என்று ஹீட் ஷீட்டைப் பாருங்கள். பாத் கான்டாக்ட் உருக்கு வளையமா மாலிப்டினக் கம்பியா என்பதைப் பொறுத்து சில மில்லிவோல்ட் வெப்ப மின்னழுத்தம் கூடும் குறையும், சில புரோப்புகளில் உள்ளே இருக்கும் பொடியே வேறு. அதையெல்லாம் சேர்த்துத்தான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் புரோப்புக்கு, மில்லிவோல்ட்டைப் பிபிஎம்மாக மாற்றும் கணக்கின் மாறிலிகளைத் தருகிறார். புரோப்பை மாற்றி மாறிலியை மாற்றாமல் விட்டால் வளைவில் ஒரு குறையும் தெரியாது, எண் மட்டும் எல்லா ஹீட்டிலும் ஒரே பக்கமாகத் தள்ளி நிற்கும். ஸ்டோரில் விலை பார்த்து வகையை மாற்றும்போது மீட்டர் பார்ப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் சரி, இன்னும் 9 பிபிஎம்தான், அலுமினியம் 0.035தான் என்றால், ஸ்பெக்ட்ரோவின் பக்கம் திரும்புங்கள். சாம்பிளில் அது சொன்னது மொத்த அலுமினியமா கரைந்த அலுமினியமா? அலுமினியம் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகாத உருக்கில் அலுமினா மிதந்துகொண்டிருக்கும், மொத்தக் கணக்கில் அதுவும் சேரும். கரைந்தது உண்மையில் குறைவாக இருந்தால் புரோப் சொன்னது சரிதான். அலுமினியம் போட்டபின் ஆர்கான் ஓட்டிச் சில நிமிடம் கலந்தபின்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் லேடிலின் எந்த மூலையை அளந்தோம் என்றே தெரியாது.

இரண்டு முறை முக்கினால் இரண்டு எண்

எவ்வளவு வித்தியாசம் என்று மில்லிவோல்ட்டில் பாருங்கள், பிபிஎம்மில் பார்க்காதீர்கள். 3.0 என்றும் 3.4 என்றும் வந்தால் அது 10 மில்லிவோல்ட், கொஞ்சம் கூடுதல்தான் ஆனாலும் வளைவுகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 3 என்றும் 6 என்றும் வந்தால் அது 55 மில்லிவோல்ட்டுக்கு மேல், அந்த இரண்டில் ஒன்றாவது கெட்ட அளவு. கெட்டதோடு நல்லதைச் சேர்த்துச் சராசரி போட்டால் 4.5 வரும், அந்த 4.5 லேடிலில் எங்கேயும் இல்லை. வளைவு கெட்டதை அடித்துவிடுங்கள். இரண்டு வளைவும் நன்றாக இருந்து எண் மட்டும் வேறு என்றால் உருக்கே சீராக இல்லை, அல்லது இரண்டுக்கும் நடுவே காற்றுப்பட்டு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. கலந்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

லேப் 25 என்கிறது, புரோப் 3 என்கிறது

இரண்டும் சரி. சாம்பிளை உருக்கி லேபில் பார்ப்பது மொத்த ஆக்சிஜன், மிதக்கும் அலுமினா, சிலிக்கேட் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் ஆக்சிஜன் அதில் சேரும். புரோப் பார்ப்பது கரைந்ததை மட்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் 22 பிபிஎம்தான் உங்கள் உருக்கின் அழுக்கு. லேபோடு ஒத்துப்போக வேண்டும் என்று புரோப்பின் மாறிலியைத் திருத்தியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2 பிபிஎம்முக்குக் கீழே எண் இறங்க மறுக்கிறது

ஆக்சிஜன் மிகக் குறைந்து சூடும் அதிகமாக இருக்கும்போது சிர்க்கோனியா அயனியோடு எலக்ட்ரானையும் கொஞ்சம் கடத்த ஆரம்பிக்கும். உள்ளுக்குள்ளேயே ஒரு கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிவோல்ட் உண்மையைவிடச் சுருங்கும், ஆக்சிஜன் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். மீட்டரில் இதற்குத் திருத்தம் இருக்கிறதா, அது இயங்குகிறதா என்று பாருங்கள், 1,650 டிகிரிக்கு மேல் அளப்பதைத் தவிருங்கள். திருத்தம் இருந்தாலும் 1.2-க்கும் 1.5-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

ஸ்டெயின்லெஸில் எண் மிகக் குறைவாக வருகிறது

புரோப் தருவது ஆக்சிஜனின் ஆக்டிவிட்டி, அதாவது உருக்கில் அது எவ்வளவு துடிப்பாக இருக்கிறது என்பது. சாதாரண உருக்கில் இதுவும் கரைந்த அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 18 சதவீதம் குரோமியம் இருக்கும்போது குரோமியம் ஆக்சிஜனை இறுகப் பிடித்து வைத்திருக்கும், அதனால் ஆக்டிவிட்டி உண்மையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இறங்கிவிடும். மீட்டர் 10 என்றால் கரைந்திருப்பது 50 பக்கமாக இருக்கலாம். எண் சரி, அதைப் படிக்கும் விதம்தான் வேறு. அடக்குவதற்கு எவ்வளவு அலுமினியம், எவ்வளவு சிலிக்கான் என்று கணக்குப் போடுகிறவர் சாதாரண உருக்கின் அட்டவணையை வைத்துப் போட்டால் குறைவாகத்தான் போடுவார். ஸ்டெயின்லெஸ் ஹீட்டுக்குத் தனி அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள், ஹீட் ஷீட்டில் பிபிஎம்மோடு மில்லிவோல்ட்டையும் வெப்பநிலையையும் எழுதச் சொல்லுங்கள், லான்ஸ் எண்ணையும் சேர்த்து.